ஒன்றுமில்லாததை ஏற்றிப்போக ஒரு லாரி

சேலத்தில் பேருந்து ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் என் மடியில் முப்பது முட்டை இருந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் அனுமதியெல்லாம் கேட்கவில்லை. "சித்த புடிச்சுக்கங்க சாமி, சீலைய சரி பண்ணிக்கறேன்" என்று அட்டையைக் கொடுத்தவர், நாமக்கல் வரும்வரை அதைத் திரும்ப வாங்கவே இல்லை. ஓட்டுநரோ தனக்கு முன்னால் யார் போனாலும் பொறுக்காதவர். அவர் போட்ட ஒவ்வொரு பிரேக்குக்கும் நானும் முட்டைகளும் ஒன்றாக முன்னால் போய் ஒன்றாகப் பின்னால் வந்தோம்.

"நாமக்கல்லுக்கேவா முட்டை கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன்.

"அங்க இருக்கறதெல்லாம் பண்ணை முட்டைங்க. இது நாட்டுக்கோழி. என்ற மவ முழுகாம இருக்கறா" என்றார். அடுத்த கேள்வி என்னைப் பற்றி. "நீங்க என்ன பண்றீங்க சாமி?"

அந்தக் கேள்விக்கு நான் எந்த ஊரிலும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பிறந்தது தூத்துக்குடி, பிழைப்பது இத்தாலியில் ஒரு மலைக்கு அடியில். சூரியனிலிருந்து நியூட்ரினோ என்ற துகள்கள் வந்துகொண்டே இருக்கின்றன, சுவர், மலை, மனுஷர் எதையும் தொடாமல் ஊடுருவிப் போய்விடும், முதலில் அதைத் தேடினேன், இப்போது அதைவிடக் கள்ளத்தனமான இன்னொன்றைத் தேடுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

"இந்த முட்டைக்குள்ளயும் பூந்து போகுதுங்களா?"

"போகுது."

"ஒடையாதுங்களே?"

"உடையாது."

"அப்பறமென்ன, போகட்டும்" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் துறையில் இவ்வளவு நிம்மதியான ஆளை நான் பார்த்ததில்லை.

நான் வந்த காரியம் ஒரு லாரி. அண்டத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருளைவிடத் தெரியாத பொருள் பல மடங்கு அதிகம் என்று கணக்கு சொல்கிறது. இருண்ட பொருள் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கையில் மட்டும் சிக்கவில்லை. அது வந்து மோதினால் மினுங்குவதற்காக ஒரு படிகம் வளர்த்து, அதைச் சுற்றி ஈயக் கட்டிகளை அடுக்கி, மற்ற எல்லாக் கதிர்களையும் வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாத ஓர் அமைதியை உண்டாக்குவதுதான் எங்கள் வேலை. அந்த அமைதியில் ஒரு சின்ன மினுக்கம் தெரியாதா என்று வருடக்கணக்காகக் காத்திருப்போம். எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது.

இந்த முறை படிகத்தை லாரியில் ஏற்றி, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு நீர்மின் நிலையத்தின் சுரங்கத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பராமரிப்புக்காக அவர்கள் மூடும் பத்து நாள் மட்டும் எங்களுக்கு. சனிக்கிழமை மதியத்துக்குள் லாரி உள்ளே போகாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் அடுத்த முறை என்பதே கிடையாது, ஆறு வருடத் திட்டத்தை மூடிவிட்டு வேறு வேலை பார் என்று இத்தாலியில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டு டன் ஈயத்தைக் குலுங்காமல் தாங்கும் கூண்டு எங்கே கட்டுவார்கள் என்று கேட்டபோது, மூன்று பேர் தனித்தனியாக ஒரே ஊர்ப் பெயரைச் சொன்னார்கள்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை மதியம், மடியில் முட்டை வாசனையோடு, நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறை வாசலில் போய் நின்றேன்.

பட்டறை முதலாளி தமிழ்ச்செல்வி. நாற்பது வயது இருக்கும். கையில் இரண்டு போன், காதில் மூன்றாவது. அவர் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் இருப்பாராம். "வாங்க வாங்க, டாக்டரம்மா. ஊடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டிப் போட்டார். டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் வெல்டிங் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தார். "இவங்க அந்த டாக்டரில்லீங்க, போய் வேலையப் பாருங்க" என்று தமிழ்ச்செல்வி அவரைத் திருப்பி அனுப்பினார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

கூண்டு ஏறக்குறைய முடிந்திருந்தது. நான் இரண்டு மாதத்துக்கு முன்பே நாற்பது பக்க வரைபடம் அனுப்பியிருந்தேன். அது எங்கே என்று கேட்டதற்குத் தலைமை மேஸ்திரி பொன்னுசாமி தரையைக் காட்டினார். சிமெண்டுத் தளத்தில் என் கூண்டு முழு அளவில் சாக்பீஸால் வரையப்பட்டிருந்தது. மேலே நின்று பார்த்தால் கதவு எங்கே, ஈயம் எங்கே, படிகம் எங்கே என்று நடந்தே தெரிந்துகொள்ளலாம். இங்கே எல்லா வண்டியும் இப்படித் தரையில் பிறந்துதான் எழுந்து நிற்குமாம்.

"காயிதத்துல எல்லாம் சின்னதாத் தெரியுதுங்க" என்றார் பொன்னுசாமி. "இங்கன்னா தப்பு காலுல தட்டும்." காதில் ஒரு தச்சுப் பென்சில், கையில் டேப், நெற்றியில் மூன்று கோடு. இத்தாலியில் எங்கள் பொறியாளர் ஒரு மில்லிமீட்டர் பிசகுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்புவார். பொன்னுசாமி கூண்டில் நான் டேப் வைத்து அளந்தேன். பிசகே இல்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை கப்பலில் வந்த என் மரப்பெட்டிகளைத் திறந்தோம். ஈயம் பத்திரம். படிகம் பத்திரம், ஒரு பெரிய சொம்பு அளவுக்குச் செப்புக் கவசத்துக்குள் தூங்கியது. அதை உட்காரவைக்கும் தாங்கி மட்டும் நாலாக உடைந்து கிடந்தது. அந்தத் தாங்கியைச் செய்ய ஐரோப்பாவில் ஐந்து வாரம் ஆனது.

பொன்னுசாமி உடைந்த துண்டுகளைத் தரையில் அடுக்கிச் சுற்றி வந்தார். "மரத்துல செஞ்சா ஆகாதுங்களா?"

ஆகும்தான். நன்கு காய்ந்த, பூச்சு இல்லாத மரம் என்றால் ஆகும். ஆனால் அவருக்கு என் பயங்களைச் சொல்லவேண்டியிருந்தது. எல்லாப் பொருளிலும் துளித்துளியாகக் கதிரியக்கம் உண்டு. தூசியில் உண்டு, வியர்வையில் உண்டு, நம் எலும்பில்கூட உண்டு. உள்ளே கைரேகை படக்கூடாது, உறை போட்டுத்தான் தொடவேண்டும், செருப்பு கூடவே கூடாது என்று அடுக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், கடைசியில் ஒரே வரியில் முடித்தார்: "சாமி ரூம்பாட்டம்னு சொல்லுங்க."

"அதேதான், பூஜை அறை மாதிரி" என்றேன். இந்த வார்த்தைக்காகப் பின்னால் நான் பட்ட பாடு இருக்கிறதே!

மதியம் அவர் இழைத்த மரத்தில் ஒரு துண்டைக் கதிரியக்கம் அளக்கும் கைக்கருவியில் வைத்துப் பார்த்தேன். சுத்தம். அன்று மாலை தமிழ்ச்செல்வி என்னைக் கறிச்சோற்றுக் கடைக்கு இழுத்துப் போனார். மேச்சேரி ஆடாம், மற்ற ஆடு மாதிரிக் கொழுப்பு நிற்காதாம். கூடவே கலக்கி என்று ஒன்று வந்தது. முட்டையைக் குழம்போடு கல்லில் ஊற்றி, வேகும் முன்பே சுருட்டி இலையில் தள்ளிவிடுகிறார்கள். முழுதாக வேகாத முட்டையை நான் இத்தாலியில் ஒரு தரம் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்தேன். இங்கே நான்கு கலக்கி போன பிறகுதான் எனக்கு அந்த ஞாபகம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"எத்தன வருசமாத் தேடறீங்க?" என்று தமிழ்ச்செல்வி கேட்டார். சொன்னேன்.

"ஒண்ணு கூடவா சிக்கல?"

"நியூட்ரினோ சிக்கிச்சு. இது ஒண்ணுகூட இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "எங்கூட்டுக்காரரு ஊரூராப் போய்த் தண்ணி எடுத்துக் குடுக்கறாரு. எருமப்பட்டியில எங்க சொந்தக் காட்டுல நாலு போரு போட்டோம். நாலும் வெறும் புகைங்க, சொட்டுத் தண்ணியில்ல."

"அப்புறம் விட்டுட்டீங்களா?"

"எங்கீங்க உடறது? அஞ்சாவது போட்டோம்."

"தண்ணி வந்துச்சா?"

"அதும் புகைதாங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் சக விஞ்ஞானிகள் யாரும் என்னை இத்தனை சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

புதன்கிழமை காலை தாங்கி தயார். ஐந்து வாரச் சாமான் அரை நாளில். ஈயக் கட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அடுக்கினோம். பட்டறை ஆட்கள் எல்லோரும் வெள்ளை உறையும் தலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து ஓயாமல் சிரித்தார்கள். வெளிப்பக்கம் வெறும் வெள்ளை போதும் என்று நான் சொன்னதைப் பெயிண்டருக்குத் தாங்கமுடியவில்லை. நான் சாப்பிடப் போய்வந்த நேரத்தில் பின்கதவில் இரண்டு தாமரையும் ஒரு கிளியும் வந்துவிட்டன. கிளி நன்றாகவே இருந்தது, விட்டுவிட்டேன்.

கிளிக்கு நிழல் தீட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாங்கியின் கடைசி மறையாணியை முறுக்கி, படிகத்தை அதில் உட்காரவைத்து, ஈயக்கதவை மூடி, கருவியை ஓடவிட்டு வருகிறேன் என்றார் பொன்னுசாமி. எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்துவிட்டு நான் அறைக்குப் போய்த் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை கணினியைத் திறந்தேன். கருவி இரவெல்லாம் வரைந்த, சமவெளியாக இருக்கவேண்டிய கோட்டில் ஒரு மேடு எழுந்து நின்றது. கோபுரம் மாதிரி நின்றது என்றே சொல்லலாம். உள்ளே ஏதோ ஒன்று கதிர் வீசுகிறது. அந்த மேட்டோடு சுரங்கத்துக்குள் போவதும் போகாமலிருப்பதும் ஒன்றுதான்.

நான் சுபாவத்திலேயே முன்கோபி. அன்று என் வாயிலிருந்து வந்ததெல்லாம் தூத்துக்குடித் தமிழ். ஆறு வருடம், இன்னும் ஒரு பகல், அவ்வளவுதான் மிச்சம் என்று கத்தினேன். பெயிண்டைச் சுரண்டி அளந்தேன், இல்லை. பலகை, இல்லை. பசை, இல்லை. கிளியைக்கூட அளந்தேன். ஈயத்தைப் பாதி இறக்கி ஏற்றினோம். வெயில் உச்சிக்கு வந்தபோது என் சந்தேகமெல்லாம் தாங்கிமேல் போய் நின்றது.

"உள்ள புதுசு அது ஒண்ணுதான். மரந்தான் சரியில்ல" என்றேன்.

பொன்னுசாமியின் முகம் சட்டென்று கறுத்தது. "என்ற மரத்துலயாங்க குத்தம்? நீங்கதானுங்களே வெச்சுப் பாத்தீங்க?"

"அப்ப வேற என்ன? உள்ளே யாராவது எதையாவது வச்சீங்களா?"

"ஒண்ணும் வெக்கலீங்க" என்றார் அவர். வெல்டர், பெயிண்டர், ஈயம் தூக்கிய எல்லோரும் ஒரே குரலில் அதையே சொன்னார்கள். யாரும் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. ஈயக் கட்டி ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ்ச்செல்வி தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்திருந்தார். நெய் ஊற்றிப் பிசைந்து கையில் கொடுத்தார். "மொதல்ல சாப்புடுங்க. பசியில இருந்தா கண்ணுக்கு எதுவும் தெரியாது" என்றார். பிறகு கணினியை எட்டிப் பார்த்தார். "இந்த மேட்டுக்குப் பேரு கீரு உண்டுங்களா?"

"உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு இடத்துல மேடு வரும். இந்த இடம் பொட்டாசியம்."

"பொட்டாசுங்களா? உரத்துல போடறமே, அதா?"

"அதேதான்."

அவர் போசியைக் கீழே வைத்தார். "எங்க மாமனாரு உரம் வாங்க மாட்டாருங்க. வாழைக்கு அடுப்புச் சாம்பலத்தான் கொட்டுவாரு. பொட்டாசு எல்லாம் அதுலயே இருக்குதும்பாரு. சாம்பல்ல இருக்குதுங்களா?"

"சாம்பல்ல நிறைய இருக்கு. ஆனா இங்க எங்க சாம்பல்..." என்று ஆரம்பித்த நான் நிறுத்திக்கொண்டேன். தமிழ்ச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. பொன்னுசாமியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மேஸ்திரி, வண்டிக்கு வெக்கற முடிச்ச எங்க வெச்சீங்க?"

பொன்னுசாமி கை உறையைப் போட்டுக்கொண்டார். வண்டிக்குள் ஏறினார். ஈயக்கதவைத் திறந்து, படிகத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தாங்கியைக் கவிழ்த்தார். அடிப்பலகையில் நான்கு மறை. கழற்றினார். உள்ளே உள்ளங்கை அளவுக்கு அழகாகக் குடைந்த ஒரு குழி. அதில் மஞ்சள் துணியில் கட்டிய முடிச்சு. பிரித்தால் திருநீறு. அவர் குலசாமி கோயிலில் சாணம் சுட்டு எடுத்த அசல் திருநீறு, இரண்டு கை அள்ளியது இருக்கும்.

இந்தப் பட்டறையிலிருந்து முடிச்சு வைக்காமல் ஒரு வண்டியும் வெளியே போனதில்லையாம். கடைசி மறை முறுக்கும்போது மேஸ்திரி தானாக வைப்பார், யாரும் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது.

"ஏதாவது வச்சீங்களான்னு கேட்டேனே!" என்றேன்.

"எதாவதுன்னு கேட்டீங்க. இது சாமிங்களே" என்றார் அவர், உண்மையிலேயே குழம்பிப்போய். "லாரியில டிரைவர் சீட்டுக்கு அடியில வெப்போமுங்க, அங்கதான் வண்டிக்கு உசிரு. இதுக்கு உசிரு இந்தக் கல்லுதானுங்களே. உள்ள சாமி ரூம்பாட்டம் இருக்கோணும்னு வேற சொன்னீங்க." பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இருவத்தாறு வருசமா ஒண்ணும் கெடைக்கலீன்னு மொதலாளியம்மா சொன்னாங்க. மனசு கேக்கலீங்க. மத்த வண்டிக்கு ஒரு கை போடுவேன். உங்களுக்கு ரெண்டு கை போட்டேன்."

இந்த மனிதரையா காலையிலிருந்து வைது தீர்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க மரத்துல குத்தமில்ல, நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க என்றேன். "அட, அதுக்கென்னங்க, விடுங்க" என்று அவர்தான் பதறினார். உண்மையைச் சொல்லட்டுமா? இருபத்தாறு வருடத்தில் என் படிகம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டுபிடித்த பொருள் அந்தத் திருநீறுதான். அதைச் சொன்னதும் தமிழ்ச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு நான், கடைசியில் பொன்னுசாமியும்.

குழியை ஊதி, துடைத்து, மறுபடி துடைத்து, மாலைக்குள் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினோம். கருவியை ஓடவிட்டேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஒரு மணி நேரம் போனது. கோடு எருமப்பட்டிக் காடு போலத் தட்டையாகக் கிடந்தது.

"ஒண்ணுமே இல்லீங்களா?" என்றார் வெல்டர்.

"ஒண்ணுமே இல்ல!" என்றேன். யாரோ விசில் அடித்தார்கள். ஒன்றுமில்லை என்பதற்கு மனிதர்கள் கைதட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி கிளம்பும்போது ஒரு சிக்கல். முடிச்சு இல்லாமல் அனுப்ப பொன்னுசாமிக்கு மனம் வரவில்லை, உள்ளே வைக்க எனக்கு வழியில்லை. டேப்பைப் பிடித்து அளந்தோம். டிரைவர் சீட்டிலிருந்து படிகம் நான்கு மீட்டர், நடுவே ஈயம். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். தாராளமாக வைக்கலாம்.

"அவ்வளவு தூரத்துல வெச்சா சாமிக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"சாமிக்குத் தெரியும். கருவிக்குத்தான் தெரியாது" என்றேன். திருப்தியாகச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி அனுப்பினார். தமிழ்ச்செல்வி எனக்கு ஓர் அட்டை முட்டை கொடுத்தார். நாட்டுக்கோழியாம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு லாரி சுரங்கத்துக்குள் நுழைந்தது. மலை முழுதும் தலைக்குமேல் நிற்க, கோடு அதுவரை நான் காணாத அளவுக்கு அடங்கியது. இருண்ட பொருள் வந்ததா என்றால், வரவில்லை. பத்து நாளும் வரவில்லை. ஆனால் அந்த அமைதியைப் பார்த்துவிட்டு, இன்னொரு சுற்றுக்குப் பணம் தருகிறோம் என்று இத்தாலியிலிருந்து எழுதிவிட்டார்கள். மலையிறங்கிய கையோடு பட்டறைக்குப் போன் போட்டேன். பொன்னுசாமிதான் எடுத்தார். இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் மேலும் தேடலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

பின்னால் இரும்பை வெட்டும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

"தேடுங்க சாமி" என்றார். "பொட்டி இன்னொரு முப்பது வருசம் தாங்கற மாதிரித்தான் கட்டியிருக்கறேன்."